மூலை வெட்டப்பட்ட கம்பளி

அரச களஞ்சியத்துக்கு வரும் பொருள், விலைமனுவில் சொன்ன பொருள்தானா என்று சோதிக்கப்படாமல் ஏற்கப்படக் கூடாது. விதி இது. அது எங்கள் அலுவலக அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அதற்கு ஒரு சேதமும் இல்லை. சேதப்பட்டது, இப்போது என் சாய்மனைக் கதிரையில் கிடக்கும் இந்தக் கம்பளிப் போர்வைதான். இதன் ஒரு மூலை இல்லை.

வெட்டியவர் எங்கள் பிரதேச செயலாளர் அம்மா. நான் அவரின் பிரதம இலிகிதர், அதாவது 'சீஃப் கிளாக்'; சுருக்கி எல்லாருக்கும் சீ.சீ. 1999 மார்கழி மழையில், நெளுக்குளத்துப் பாடசாலையில் தங்கியிருந்த, போரால் இடம்பெயர்ந்தோருக்கு, 'தூய செம்மறிக் கம்பளி' என்ற சீட்டுடன் போர்வைகள் வந்தன. அவர்களில், மலையகத்திலிருந்து வந்து வன்னியில் வயல் வாங்கிக் கமம் செய்த ஒருவர் முகர்ந்து பார்த்தார். "நனைஞ்சா மாட்டுத்தோல் நாத்தம் அடிக்குதுங்க. இதைப் போத்திக்கிட்டு எப்படிங்க சாமி கும்பிடுறது?" வேண்டும் என்றவர்களுக்கு அம்மா அன்றே கொடுத்துவிட்டார்; குளிருக்கு விலைமனு தெரியாது. ஆனால் 'செம்மறி' என்று சான்றுரைக்க மறுத்தார். அந்தக் கையொப்பமில்லாமல் விநியோகத்தருக்குப் பணம் போகாது.

ஒரு மூலையை வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினோம். நுணுக்குக்காட்டியில் பார்த்து, 'விலங்கு நார்' என்று எழுதினார்கள். "எந்த மிருகம் எண்டு கேட்டால், மிருகம் எண்டு சொல்லுறாங்கள்," என்றார் அம்மா. சாயமேற்றித் தேய்ந்த நாரைக் கண்ணால் பிரித்தறிவது கடினம்; மயிரில் எஞ்சிய மரபணுதான் சொல்லும். இலவசமாகச் சோதித்துத்தர ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சம்மதித்தது.

மேலதிகாரி நேரிலேயே வந்தார்.

"கம்பளிக்கும் மரபணுச் சோதனையோ? தகப்பன் ஆர் எண்டு பார்க்கப் போறீரோ?"

"ஓம் சேர். செம்மறி எண்டு பேர் வைச்சிருக்கினம். தகப்பன் மாடோ எண்டு பார்க்கத்தானே வேணும்."

"கையெழுத்தை வையும். இல்லாட்டி வேலை போகும்."

"வேலையை எடுங்கோ. கையெழுத்து என்ர."

அரச உடைமையை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதென்று தடை வந்தது. அரச கம்பளியைச் சேதப்படுத்தியதற்காக அதன் விலையை அம்மாவின் சம்பளத்தில் கழித்து, அவரைப் பணியிலிருந்தும் இடைநிறுத்தினார்கள். விதிகளோடு தலை நரைத்த எனக்கு அங்கேதான் சிரிப்பு வந்தது.

"அம்மா, விலை கழிச்சாச்சு. போர்வை இனி உங்கட சொந்தச் சாமான். சொந்தப் போர்வையை வெட்டித் தபாலில போடக் கூடாதெண்டு ஒரு விதியும் இல்லை."

"சீ.சீ., கத்தரிக்கோல் எங்க?" அதே மூலையில் இன்னொரு துண்டு வெட்டி, பல்கலைக்கழகத்துக்குத் தபாலில் போட்டோம்.

பதில் வரும்வரை அம்மா வீட்டில் இருந்தார், கையொப்பமிடவில்லை. பதிலை விசாரணையில் வைத்த பின் அவரை மீண்டும் வேலையில் அமர்த்தினார்கள். கழித்த விலையைத் திருப்பித் தரவும் முன்வந்தார்கள். அவர் வாங்கவில்லை. "வாங்கினால் போர்வை திரும்ப அரசாங்கத்தின்ரயாப் போயிடும்," என்றார். தான் ஓய்வுபெற்ற நாளில் அதை என்னிடம் தந்தார்.

மழைக்கு இன்றும் நாறுகிறது. எதன் நாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 'மாடு, சிறிதளவு வெள்ளாடு, செம்மறி இல்லை' என்று அந்தப் பதில் வந்து சேர்ந்தது 2001ஆம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு மறுநாள், மாட்டுப்பொங்கலன்று.