ஒரே மிடறில் இரண்டு மாத்திரை

அந்தக் கிளினிக் வராந்தாவில் நீளமான பெஞ்சு ஒன்று கிடக்கிறது. நான் அதில் உட்கார்ந்ததே கிடையாது. உட்கார்ந்தால் கால் தானாக ஆடும், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் தண்ணீர்க் குழாய்க்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பேன். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி இப்படி நடந்தால் இடுப்பு வலி என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இதைப் படிக்கும் நீங்களும் அப்படியொரு வராந்தாவில் நின்றிருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் கேட்காதீர்கள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், அது போதும்.

எனக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. பிள்ளை உண்டானபின் போன முதல் கிளினிக்கில் எல்லாப் பெண்களுக்கும் எடுப்பது போல எனக்கும் இரத்தம் எடுத்தார்கள். பிறகு தனியாகக் கூப்பிட்டார்கள். எச்.ஐ.வி. (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் வைரஸ்) இருக்கிறது என்றார்கள். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் என் வீட்டுக்காரரையும் வரவழைத்துப் பரிசோதித்தார்கள். அவருக்கும் இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று போனில் கத்திக் கத்திச் சண்டை போட்டோம். கடைசியில் இருவருக்குமே சண்டை போடத் தெம்பில்லாமல் போனது.

டொக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. குரலை உயர்த்தாமல் பேசுவார். "பிள்ளை, பயப்பிடாதேங்கோ. குளிசையை ஒழுங்கா எடுத்தா வயித்துப் பிள்ளைக்கு இது போகாமப் பாக்கலாம்" என்றார். அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குளிசையாக, கூட்டு மருந்து (மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை) தந்தார். அன்றைக்கு அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். சத்தியமாக என் காதில் எதுவும் ஏறவில்லை.

விழுங்குவது பெரிய பாடு இல்லை. ஒளிப்பதுதான் பெரும்பாடு. நாங்கள் இருப்பது லயத்தில், வரிசை வீடு. பக்கத்துக் காம்பராவில் யாராவது தும்மினால் எங்கள் வீட்டில் கேட்கும். வீட்டில் நானும் மாமியும் மட்டும். என் வீட்டுக்காரரின் அம்மாவான அவருடைய கண்ணுக்கு ஒரு புதுப் போத்தல் தப்பவே தப்பாது.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மிட்வைப் மிஸ் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார். அந்த விஷயத்தில் மாமி படு கண்டிப்பு. விடியற்காலையில், நான் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) வேலைப் பெயர் கொடுக்கக் கிளம்புமுன், தண்ணீர்ச் செம்போடு எதிரில் வந்து நிற்பார்.

"ம், முழுங்கு. என் கண்ணு முன்னால முழுங்கு. பேரப்புள்ள சோகை புடிச்சிப் பொறக்கக் கூடாது."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கூட்டு மாத்திரைகளை இரும்புச்சத்து டப்பாவிலேயே கொட்டிக் கலந்துவிட்டேன். காலையில் உள்ளங்கையில் இரண்டு மாத்திரை. மாமிக்கு இரண்டும் சத்து மாத்திரை. வெறும் வயிற்றில் ஒரே மிடறில் விழுங்கிவிட்டு, வாயைத் திறந்தும் காட்டுவேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து வைரல் லோட் (இரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று காட்டும் பரிசோதனை) எடுத்தார்கள். டொக்டர் முடிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குறைஞ்சிருக்கு. ஆனா இவ்வளவு நாளில குறைய வேண்டிய அளவுக்குக் குறையேல்ல. இடைக்கிடை குளிசையை விட்டனீங்களோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஒரு நாள் விடல டொக்டர்! வாந்தி வந்தப்ப கூட விடல. என்னையப் பாத்தா பொய் சொல்ற மாதிரியா இருக்கு?"

அவர் கோபப்படவில்லை. விட்டு விட்டுப் போட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அந்த மருந்து கேட்காது, அதனால்தான் கேட்டேன் என்றார். பிரசவத்துக்குள் குறையாவிட்டால் பிள்ளைக்குப் போகிற ஆபத்து கூடும் என்றும் சொன்னார். எனக்குப் பயத்தோடு எரிச்சலும் வந்தது. கொழும்பில் என் வீட்டுக்காரர் போடுவதும் இதே மாத்திரைதான். அவருக்கு நன்றாகக் குறைந்துவிட்டது. அந்த மனுஷன் சோம்பேறி, நான் ஒழுங்கு. அவருக்குக் கேட்கிற மருந்து எனக்கு மட்டும் ஏன் கேட்காது? இதை அப்படியே டொக்டரிடம் கொட்டினேன்.

"அப்ப நீங்கள் எப்பிடிப் போடுறனீங்கள் எண்டு ஒருக்காச் செய்து காட்டுங்கோ பாப்பம்."

பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். உள்ளங்கையில் கவிழ்த்தேன். ஒரு கூட்டு மாத்திரை, ஒரு இரும்பு மாத்திரை. டொக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

இரும்பும் கல்சியமும் அந்தக் கூட்டு மாத்திரையில் உள்ள ஒரு மருந்தை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வெறும் வயிற்றில் ஒன்றாகப் போட்டால் பாதி மருந்து இரத்தத்துக்கே போகாது. நெஞ்செரிச்சலுக்குச் சப்பும் மாத்திரையும் அப்படித்தானாம். அதனால் கையில் வேறு எந்த மருந்து இருந்தாலும், நாட்டு மருந்தாக இருந்தாலும், டொக்டரிடம் காட்டிவிடுங்கள். மாத்திரையை அதன் போத்தலிலேயே வையுங்கள், எங்கள் ஊர் ஈரத்துக்கு அதுதான் நல்லது. மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் போடுங்கள், ஆனால் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரும்பு காலையிலேயே இருக்கட்டும், கூட்டு மாத்திரை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றார் டொக்டர். நேரம் தவறாமல் இருக்கத் தினமும் நடக்கும் ஏதாவது ஒன்றோடு முடிந்துவைக்கச் சொன்னார். நான் ரேடியோவின் இரவுச் செய்தியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் இரவில் ஒளிய இடமில்லை. செய்தி தொடங்கினால் எழுவேன், உட்காருவேன், வெளியே போவேன், வருவேன். லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக் குளிரில் நின்று, குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து விழுங்கிவிட்டு வருவேன். "என்னா புள்ள, தெனம் இந்நேரத்துக்கு ஒனக்கு அங்க என்னா வேல?" என்று மாமி கேட்க ஆரம்பித்தார். அதோடு டொக்டர் வேறு சொல்லியிருந்தார்: பிறந்த பிள்ளைக்குச் சில வாரம் தண்ணி மருந்து கொடுக்க வேண்டும், தாய்ப்பால் வேண்டாம், மாவு கரைத்த மாப்பால்தான். மாமி இருக்கிற வீட்டில் இதை எந்த டப்பாவில் கலந்து மறைப்பது?

சொல்லிவிட்டேன். அடுப்படியில், மாமி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தபோது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மாமியின் கை மாவிலேயே நின்றுவிட்டது. திட்டுவார், அழுவார், மகனுக்குப் போன் போட்டுக் கத்துவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப காலையில ரெண்டையும் ஒண்ணா முழுங்க வச்சது நாந்தானா?" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க இல்ல மாமி, நீங்க இல்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மறுநாளிலிருந்து எனக்குத் தனி டம்ளர். அவருக்குப் பயம். டம்ளரில் ஒட்டாது, எச்சிலில் வராது என்று எத்தனை தடவை சொன்னாலும் "தெரியும் தெரியும்" என்பார், டம்ளரை மட்டும் மாற்ற மாட்டார். ஒருநாள் அதை விட்டெறிந்தேன். நெளிந்து போனது. அந்த நெளிந்த டம்ளரையே மறுநாளும் கழுவி வைத்திருந்தார். அவமானமாக இருந்தது. அதே மாமிதான் இரவுச் செய்தி தொடங்கினால் சோற்றுத் தட்டையும் மாத்திரைப் போத்தலையும் கொண்டுவந்து வைப்பவரும். இந்த மனுஷியை என்ன செய்வது?

அடுத்த பரிசோதனையில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. பெண் பிள்ளை பிறந்தாள். ஏன் தாய்ப்பால் கொடுக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி நோண்டியபோது, "பால் ஊறல. ஒனக்கு என்னா இப்ப?" என்று மாமி வாசலிலேயே அவள் வாயை அடைத்து அனுப்பினார்.

என் உடம்பை முன்பெல்லாம் நான் நினைத்ததே இல்லை. கூடை தூக்கியது, மலை ஏறியது, தூங்கியது. இப்போது அது கூடவே வசிக்கிற இன்னொரு ஆள். எப்போது சாப்பிட்டது, உள்ளே என்ன போனது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாளும் மாறிவிட்டது. எனக்கு நாள் விடியலில் தொடங்குவதில்லை, செய்தியில் தொடங்குகிறது. அது வரும்வரை ஒரு பரபரப்பு, விழுங்கியபின் அடுத்தது வரும்வரை கொஞ்சம் அமைதி.

பிள்ளையின் பரிசோதனை முடிவுக்காக நானும் மாமியும் போனோம். அன்றைக்கும் நான் பெஞ்சில் உட்காரவில்லை. டொக்டர் கதவைத் திறந்துகொண்டே, "இல்லை, பிள்ளைக்கு இல்லை" என்றார். வளர்ந்தபின் உறுதிப்படுத்த இன்னொரு பரிசோதனை இருக்கிறது. அதுவரை என் கால் ஆடத்தான் செய்யும்.

திரும்பும்போது பனிமூட்டத்தில் பஸ் ஊர்ந்தது, இருட்டிவிட்டது. குலுக்கலில் நான் போத்தலில் வாய் வைத்துத்தான் தண்ணீர் குடித்தேன். வளைவுக்கு வளைவு மாமிக்குத் தலை சுற்றியது. "தண்ணி" என்று கை நீட்டினார். பழக்கத்தில் போத்தலை நீட்டிவிட்டுச் சட்டென்று பின்னால் இழுத்தேன். என் மாமி பிறந்ததிலிருந்து அண்ணாந்து குடித்தே பழகியவர், பெற்ற மகன் எச்சிலைக்கூடத் தொடாதவர்.

"குடு இங்க" என்று பிடுங்கினார். வாய் வைத்து மடமடவென்று குடித்தார். டிரைவரின் ரேடியோவில் செய்தி தொடங்கியது.

"மிச்சம் வச்சிருக்கேன். மாத்திரையப் போடு" என்று போத்தலைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் வாய் ஈரமாக இருந்தது. நானும் துடைக்காமல் குடித்தேன்.