மண்டிக்கும் வகுப்புக்கும் ஒரே கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் தொழிலில் பெட்டியை ஓட வைப்பது சுலபம், அதை வாங்கினவர்களை ஓட வைப்பதற்குத்தான் ஆயுசு போகும்.

இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சகோதரர்களுக்கு நான் இதை விளக்கவேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை இருந்தது. படித்தது எட்டாவது. ஸ்டெபிலைசர் சுற்றினேன், டி.வி. ரிப்பேர் பார்த்தேன், முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்தேன். அப்புறம் சென்னையில் உதிரி உதிரியாக வாங்கி வந்து கம்ப்யூட்டர் கட்டி விற்க ஆரம்பித்தேன். கோபம் வரும். ஆனால் சொன்னதைச் செய்து கொடுப்பேன்.

திண்டிவனத்தில் ஸ்டெல்லா டீச்சர் என்பவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தார். கோதண்டம் என்பவருடைய மல்லாட்டை மண்டிக்கு, அதாவது வேர்க்கடலை மண்டிக்கு, மேல்மாடியில், வாடகைக்கு. இனிமேல் காலம் கம்ப்யூட்டருக்குத்தான் என்று முடிவு பண்ணி டைப்ரைட்டர்களை எல்லாம் விற்றுவிட்டார். விற்ற காசு அரைக் கம்ப்யூட்டருக்குத்தான் வந்தது. மீதிப் பாதியைக் கோதண்டம் போட்டார். பகலில் டீச்சரின் வகுப்பு, பொழுது சாய்ந்தால் மண்டிக் கணக்கு என்று பேச்சு. வம்பு எங்கே வந்தது என்றால், வகுப்புக்கு டாஸ் என்கிற சிஸ்டம் வேண்டும். மண்டிக் கணக்குப் புரோகிராமையோ எழுதிக் கொடுத்தவர் யுனிக்ஸ் என்கிற வேறொரு சிஸ்டத்தில் எழுதி வைத்திருந்தார். இரண்டு சிஸ்டத்தையும் ஒரே பெட்டியில் ஏற்றித் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். அது சரியாக ஓடவில்லை என்றால் பெட்டி கீழே மண்டிக்கு வந்துவிடும், டீச்சரின் பங்கை வாடகையில் கழித்துக்கொள்வேன் என்றார் கோதண்டம். அதாவது டைப்ரைட்டரும் இல்லாமல், கம்ப்யூட்டரும் இல்லாமல், டீச்சர் வெறும் மாடியில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

சொத்தை டிஸ்க்

இரண்டு சிஸ்டத்துக்குச் சின்ன ஹார்ட் டிஸ்க் பத்தாது. பெரிய டிஸ்க்குக்கு இரண்டு பேருடைய காசும் பத்தாது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் போய் நின்றேன். அந்தக் காலத்து டிஸ்க் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எந்தெந்த இடம் கெட்டுப்போனது, அங்கே எழுதாதே என்று கம்பெனிக்காரனே போட்டு அனுப்பியிருப்பான். எல்லா டிஸ்க்கிலும் நாலைந்து இடம் அப்படி இருக்கத்தான் செய்யும், எனக்கும் தெரியும். தெரியாதவன் மாதிரி அந்தச் சீட்டைக் கடைக்காரர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இது சொத்தை, இது சொத்தை, இதுவும் சொத்தை. சொத்தைக்கெல்லாம் நான் ஏன் காசு குடுக்கணும்? கழிச்சிக்கினு விலை சொல்லு."

அவர் கத்தினார், நானும் கத்தினேன். கடைக்கு வந்த மற்றவர்களும் தங்கள் கையிலிருந்த டிஸ்க்கைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்ததும் மனுஷன் பயந்துபோனார். நான் கேட்ட விலைக்கே கட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்: "கத்திரிக்காயில புழு பார்த்து வாங்கறவன பார்த்திருக்கேன். டிஸ்க்குல புழு பார்த்து வாங்கறவன இன்னிக்குத்தான்யா பார்க்கறேன்."

வழி யாருக்கு?

டிஸ்க்கை இரண்டு பாகமாகப் பிரிப்பதற்கு முன்னால் பங்காளிகள் இரண்டு பேரையும் கடைக்கு வரச் சொன்னேன். அதுதான் நான் பண்ணின தப்பு. கோதண்டத்துக்குப் பாகம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நிலம் பிரிக்க வந்த மாதிரி ஆகிவிட்டது. கிழக்குப் பாகம் யாருக்கு என்றார். டிஸ்க் வட்டமாகச் சுற்றும், அதற்குக் கிழக்கு மேற்கு கிடையாது என்றேன். பிரிண்டர் பொதுக் கிணறு மாதிரியா, இல்லை முறை வைத்து இறைக்கிறதா என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "மொதலாளி, இது கம்ப்யூட்டர். கழனி இல்ல." அவர் அசரவில்லை. "இருக்கட்டும். வழி யாருக்கு, அதச் சொல்லு."

சொன்னால் நம்பமாட்டீர்கள், கேட்கவேண்டிய கேள்வியே அதுதான். சுவிட்சைப் போட்டதும் இரண்டில் எது முதலில் எழுந்திருக்கும்? இரண்டும் சேர்ந்து எழுந்திருக்காது. தினமும் மாற்றி மாற்றி வைக்க இவர்களை நம்பவும் முடியாது. யோசித்து ஒரு வழி பண்ணினேன். சும்மா சுவிட்சைப் போட்டால் மண்டியின் யுனிக்ஸ் எழுந்திருக்கும். டீச்சரிடம் ஒரு ஃபிளாப்பி கொடுத்துவிடுவேன்; அதைச் செருகிச் சுவிட்சைப் போட்டால் டாஸ் எழுந்து அவர் பாகத்தைத் திறந்துவிடும். கோதண்டத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தனக்கு வாசல் வழி, டீச்சருக்குப் பின்கட்டு வழி என்று டீச்சரைப் பார்த்து மீசையைத் தடவினார். டீச்சர் ஃபிளாப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "எந்தப் பக்கமா வந்தா என்ன சார், உள்ள வந்துட்டா என் பாகம் என்னுதுதானே?"

டர்போ

பெட்டியைத் திண்டிவனத்தில் கொண்டுபோய் இறக்கினோம். இரண்டு நாள் கழித்துப் போனால் டீச்சர் முகம் சரியில்லை. சிஸ்டம் மாறவே மாட்டேன் என்கிறது என்றார். எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டேன். பெட்டியின் முன்பக்கம் டர்போ என்று போட்ட பொத்தான் இருக்கும் அல்லவா, அதை அமுக்கிக் காட்டினார். அதுதான் டாஸுக்கும் யுனிக்ஸுக்கும் நடுவே மாற்றுகிற பொத்தான் என்று அவரே தீர்மானித்து, சேர வந்த பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிவைத்திருந்தார். ஃபிளாப்பியோ கைப்பைக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

அது வேகத்துக்கான பொத்தான், அமுக்கினால் வேகமாக ஓடும், திரும்ப அமுக்கினால் மெதுவாக ஓடும் என்றேன். அவர் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப அதத் திரும்ப அமுக்கறது யாரு சார்?"

இன்றுவரைக்கும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டு

அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு சின்னப் பூட்டும் உண்டு. பூட்டினால் கீபோர்டு வேலை செய்யாது. சாவி டீச்சர் மேஜையில்தான் கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் கணக்கு முடிந்ததும் கோதண்டம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மறுநாள் விடியலில் மூட்டை பிடிக்க முகையூர் பக்கம் போய்விட்டார். காலையில் டீச்சர் வந்து தட்டுகிறார், தட்டுகிறார், ஓர் எழுத்து விழவில்லை. எனக்கு ஆள் வந்தது. பஸ்ஸிலேயே கத்திக்கொண்டு போனேன், போய்ச் சேர்ந்தால் கேட்கக் கோதண்டம் ஊரில் இல்லை. கோதண்டம் திரும்பி வந்ததும் நின்று பேசினேன். பூட்டு பெட்டிக்குத்தான், பாகத்துக்கு இல்லை என்று எத்தனை விதமாகச் சொல்லியும், தன் கணக்கைப் பூட்டாமல் போக முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

என்னோடு வேலை செய்த ஏழுமலையும் கூட வந்திருந்தான். நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோதே பெட்டியைத் திறந்து, பூட்டிலிருந்து உள்ளே போகிற ஒயரைப் பிடுங்கிவிட்டு மூடினான். அப்புறம், "பூட்டிக்கினு போங்க மொதலாளி, டீச்சர் சமாளிச்சிக்குவாங்க" என்றான். அன்றிலிருந்து கோதண்டம் தினமும் பூட்டினார். டீச்சர் தினமும் தட்டினார். ஒரு வாரம் கழித்துக் கோதண்டம், டீச்சர் இருக்கும்போதே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பூட்டு போட்டப்புறந்தான்யா எனக்கு நிம்மதியா தூக்கம் வருது."

மெயின்

வகுப்பு தொடங்குகிற நாள், நானும் போயிருந்தேன். பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று பார்க்க ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் அப்பா அம்மாக்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பேச வாயைத் திறக்கிறார், கோதண்டம் தடதடவென்று மாடி ஏறி வருகிறார், பின்னாலேயே மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர். முந்தின நாள் சாயங்காலம் போட்ட கணக்கு காலையில் திறக்கவில்லையாம். கீழே லாரி நிற்கிறது, பில் இல்லாமல் சரக்கு கிளம்பாது. சேர வந்த உங்கள் பிள்ளைகள்தான் தட்டிக் கெடுத்துவிட்டார்கள், பெட்டி கீழே வரட்டும் என்றார். ஆட்கள் ஒயரைப் பிடுங்கப் போனார்கள். டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பெட்டிமேல் ஒரு கையை மட்டும் வைத்தார்.

"எவனாவது தொட்டான், மரியாதை கெட்டுடும்" என்று நான் நடுவில் போய் நின்றேன். திரையில் யுனிக்ஸ் பாதியில் நின்றிருந்தது. ஒழுங்காக மூடாமல் நிறுத்தியிருக்கிறார்கள் என்று எழுதியே இருந்தது. மண்டிக் கணக்குப்பிள்ளை நடேசனைக் கூப்பிட்டு, நேற்றுக் கணக்கு முடிந்ததும் எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எப்பவும் போலத்தான். கீழ கதவச் சாத்தறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணிட்டேன். இத்தினி வருசமா மெயின் ஆஃப் பண்ணாம நான் மண்டிய சாத்தினதே இல்ல தம்பி. மூட்டைங்க நடுவுல ஒயர் ஓடுது, தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?"

முதல் பாடம்

கோதண்டம் நடேசனைப் பார்த்தார், நடேசன் என்னைப் பார்த்தார். கீழே மெயினை அணைத்தால் மாடியில் ஓடுகிற பெட்டியும் சேர்ந்தே அணையும்; இத்தனை நாள் பிழைத்ததே அதிர்ஷ்டம். சரிசெய்ய முடியும், ஆனால் பெட்டி ஒன்றுதான். கணக்கைச் சரிபண்ணினால் வகுப்பு நிற்கும், வகுப்பு நடந்தால் லாரி நிற்கும். நான் டீச்சர் காதில் ஒன்று சொன்னேன். அவர் எழுந்து பிள்ளைகளைப் பெட்டியைச் சுற்றி நிற்க வைத்தார். "இன்னிக்கு முதல் பாடம், மெயினை அணைச்சா என்ன ஆவும்னு பார்க்கப்போறோம்" என்றார். நடேசனையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார், உதாரணத்துக்கு.

யுனிக்ஸ் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. இதைச் சேர்க்கட்டுமா, அதைத் திருத்தட்டுமா. ஒவ்வொரு கேள்விக்கும் 'யெஸ்' என்பதற்கு 'ஒய்' என்று ஓர் எழுத்து அடிக்கவேண்டும். கேள்வி வந்தால் டீச்சர் தமிழில் சொல்வார், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து 'ஒய்' என்று சத்தம் போடும், நான் அடிப்பேன். கொஞ்ச நேரத்தில் பெஞ்சிலிருந்த அப்பா அம்மாக்களும் 'ஒய்' சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கோதண்டம்கூட உதட்டுக்குள் சொன்னார், நான் பார்த்தேன். கடைசியில் கணக்கு எழுந்தது. கெடார் ஊர் விவசாயி ஒருவருடைய பேர் மட்டும் அனாதையாகத் தனியே கிடந்தது. அதையும் இடத்தில் சேர்த்தேன். பிரிண்டர் கிர்கிர்ரென்று லாரிக்கான பில்லைத் துப்பியது.

ஓமந்தூர்க்காரர் ஒருவர் எழுந்து வந்து, கோதண்டத்தைத்தான் இன்ஸ்டிட்யூட் முதலாளி என்று நினைத்து, எங்க பொண்ணுக்கும் இதையெல்லாம் சொல்லித் தருவீங்களா என்று கேட்டார். கோதண்டம் பில்லை மடித்துக்கொண்டே, டீச்சரைக் கேளுங்க என்று கை காட்டினார். மூட்டை தூக்குகிற ஆட்கள் இன்னும் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாடிக்குத் தனி சுவிட்ச் போடவேண்டும், அதன் செலவு மண்டியுடையது என்று நான் அப்போதே பேசி முடித்துவிட்டேன். அந்த மாதிரி நேரத்தை விட்டால் பேரம் படியாது. கோதண்டம் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். படி இறங்கும்போது யாரையும் பார்க்காமல் ஆட்களிடம் சொன்னார்: "வுடுங்கடா. பெட்டி மாடியிலயே இருக்கட்டும். கீழ மல்லாட்டைத் தூசி ஜாஸ்தி."

ஒரே பெட்டியில் இரண்டு சிஸ்டத்தை ஏற்றுவது ஒரு மத்தியான வேலைதான், இரண்டு பங்காளிகளை ஒரே மாடிப்படியில் சண்டையில்லாமல் ஏற்றி இறக்கினேனே, அதற்குத்தான் கடைசிவரை ஒருத்தரும் எனக்குக் கூலி கொடுக்கவில்லை.