தில்லைப் பால்

மகள் விட்ட சொட்டுமருந்து கண்ணில் எரிந்ததும் ஆரையம்பதி வாவிக்கரை நினைவுக்கு வந்தது.

உலக யுத்த காலம். எனக்கு எட்டு வயது. அக்காவும் நானும் ஆடு மேய்க்கப் போயிருந்தோம். சேற்றுக்கு மேலே சதுப்பு மரங்களின் மூச்சுவேர்கள் ஆணிகளாய் நீட்டிக்கொண்டிருந்தன. ஆடுகள் கண்ணா மரத்தின் இலைகளைத் தின்றன. பக்கத்துத் தில்லை மரத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. அதன் பால்தான் அந்த மரத்துக்குக் காவல் என்பது எனக்குத் தெரியாது. ஆடுகளை விரட்ட அதில் ஒரு கிளையை ஒடித்தேன். பால் அக்காவின் கண்களில் தெறித்தது.

"எரியுது புள்ள, தண்ணிய ஊத்து!"

சுற்றிலும் உப்புத்தண்ணீர்தான். அதையே அள்ளி ஊற்றினேன். அவள் இன்னும் அலறினாள்.

"மெல்லமாக் கூட்டிப் போ, ஒண்டும் தெரியுதில்ல."

கையைப் பிடித்து வீட்டுக்கு நடத்தி வந்தேன். பிள்ளை பெற்றிருந்த அடுத்த வீட்டுக்காரி தாய்ப்பால் விட்டாள். இடக்கண் மட்டுமே தெளிந்தது. சாகும்வரை, என்னோடு பேசும்போது அக்கா முகத்தைச் சற்றே திருப்பித்தான் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.