நாவல் ஒயினுக்கு நான் வாங்கிக் கொடுத்த வெற்றி

நான் பொய் சொன்னேன். குறையே இல்லாத ஓர் ஒயினைச் சுவைத்துவிட்டு, புளித்துப்போயிருக்கிறது என்றேன். அப்படிச் சொன்னதால் வென்றேன். இதுவரை எவரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

ஆவூரை அடுத்த சிற்றூர் எங்களுடையது. கிறிஸ்துமசுக்கு முந்தைய ஞாயிறன்று, வீடுகளில் ஊறவைத்த ஒயினைக் கோயில் வளாகத்தில் வரிசையாக வைத்துச் சுவை பார்ப்பது வழக்கம். எது முதலாவதாக வருகிறதோ, மறு ஆண்டு ஊரே அந்தப் பக்குவத்தில்தான் போடும். ஆண்டுதோறும் முதலாவது ஆரோக்கியம் பெரியம்மாவின் திராட்சை ஒயின். ஆகவே எல்லா வீட்டிலும் திருச்சி மார்க்கெட்டுத் திராட்சை, புத்தம்புதிய பிளாஸ்டிக் பாட்டில். பிழிந்த சக்கை முழுவதும் ஊருணிக்குள். டிசம்பரில் அந்தத் தண்ணீர் நாறும்; மீன்கள் வயிறு காட்டி மிதக்கும்; ஆடுகூட வாய் வைக்காது.

இளையோர் கூட்டத்தில் வாதாடி ஒரு விதி கொண்டுவந்தோம்: பத்து மதிப்பெண்ணில் எட்டு சுவைக்கு, இரண்டு மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காததற்கு. ஸ்டெல்லா அக்கா, மரத்தடியில் உதிர்ந்து வீணாகும் நாவற்பழத்தில் ஒயின் போட்டிருந்தார். கழுவிய பழைய கண்ணாடிப் பாட்டில். சக்கை தென்னைக்கு உரம்.

சுவை பார்க்க என்னை நிறுத்தினார்கள். கீரனூரில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய் இலக்கியம் படிப்பவள், அதிகம் பேசாதவள். "இந்தப் புள்ள வாயத் தொறந்தா உள்ளதத்தான் சொல்லும்" என்று என்னை முன்மொழிந்தவரே ஆரோக்கியம் பெரியம்மாதான்!

நாவல் சற்றே துவர்த்தது, நன்றாகவே இருந்தது. அடுத்தது திராட்சை... இனிப்பு முதலில் வந்து விலகிக்கொள்ள, கிராம்பின் மெல்லிய சூடு அடிநாக்கில் தங்கியது. உண்மையைச் சொன்னால் சுவைக்கான எட்டும் அதற்கே; நாவலுக்கு ஐந்துதான். மண்ணுக்கென்று நாங்கள் ஒதுக்கிய இரண்டைச் சேர்த்தாலும் அதை வீழ்த்த முடியாது. மறுபடியும் ஊரெல்லாம் திராட்சை, மறுபடியும் ஊருணி...

"புளிப்புத் தட்டுது" என்றேன்.

பெரியம்மா அருகில் வந்தார். "நல்லாப் பாரு தாயி."

இன்னொரு மிடறு அருந்தினேன். "ஆமா பெரியம்மா... அடியில புளிச்சுப்போச்சு."

"ஊறுகாய்க்கு ஊத்திரு மதினி, வீணாப் போவாது" என்றார் சூசை மாமா. எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார்.

நாவல் வென்றது. மறு ஆண்டு ஊரே நாவற்பழம் பொறுக்கியது. பழைய கண்ணாடிப் பாட்டில்கள் கழுவப்பட்டு வீடு வீடாகத் திரும்பி வந்தன. சென்ற டிசம்பரில் ஊருணிக் கரையில் நின்றேன். நாற்றமில்லை. மாடுகள் இறங்கிக் குடித்தன; கெண்டைகள் துள்ளின. என் ஒற்றை வாக்கியம் செய்த வேலை இது! என் தலை நிமிர்ந்ததை ஏன் மறைக்க வேண்டும்? நேர்வழி ஒன்று இருந்திருக்குமோ? இருந்திருக்கலாம்... தேட நான் நிற்கவில்லை. அதே கிண்ணம் மறுபடி வந்தால், மறுபடியும் அதையே சொல்வேன்.

ஆனால் பெரியம்மா இப்போது குழம்புக்கு உப்புப் பார்க்கவும் மருமகளைத்தான் கூப்பிடுகிறார். தம் நாக்கு கெட்டுவிட்டது என்று நம்புகிறார்.

சென்ற கிறிஸ்துமசுக்கு அவரும் நாவலில் போட்டிருந்தார். வீட்டுக்கு அழைத்து, கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். ஊரில் அதற்கு இணை கிடையாது.

"ரொம்ப நல்லாருக்கு பெரியம்மா."

என் முகத்தையே பார்த்தார். "எனக்காகச் சொல்லாத தாயி. அன்னைக்கு உள்ளதச் சொன்னியே... அந்த மாதிரி சொல்லு."

"நெசமாவே நல்லாருக்கு" என்றேன்.

அவர் கிண்ணத்தை வாங்கி ஒருமுறை முகர்ந்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி மருமகளைக் கூப்பிட்டார்.