வலிக்காத கட்டி

நான் மெலிந்தது மில்லில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நாற்பதைத் தாண்டியவள் இளைத்துக்கொண்டே போனால், உடன் வேலை பார்ப்பவர்கள் எப்படி என்று கேட்காமல் இருப்பார்களா? ராத்திரி ரெண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். உண்மையில் அதற்கு மேல் இறங்கவில்லை. ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோதுகூட எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மற்றவற்றுக்கும் காரணம் கைவசம் இருந்தது. உடம்பெல்லாம் அரித்தால் பஞ்சுத் தூசி. சாயங்காலம் லேசாக உடம்பு காய்ந்தால் பஸ் அலுப்பு. தை மாதக் குளிரிலும் தூக்கத்தில் வியர்த்துக் கொட்டி, நைட்டியை மாற்ற வேண்டியிருந்தது. மாதவிலக்கு நிற்கிற வயது நெருங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கழுத்தடியில் இடது காறை எலும்புக்கு மேலே உருண்டையாக ஏதோ இருப்பது குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை. அதனால் அதை மறந்தும்போனேன்.

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். தினமும் வீடியோ காலில் பார்த்துக்கொள்வோம், ஆனால் போன் திரையில் முகம் மட்டும்தானே தெரியும். பங்குனியில் அவர் லீவில் வந்தபோது ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பெட்டியைக் கீழே வைத்தவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன, இம்புட்டு எளைச்சுப் போயிருக்க?"

சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன் என்று சொல்லி ஆட்டோவைக் கூப்பிட்டேன். அவர் நம்பவில்லை. மறுநாள் காலையில் நான் படுத்திருந்த இடத்தில் விரிப்பு நனைந்திருந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எவ்வளவு நாளாக இப்படி என்று விசாரித்தார். அரிப்பு, காய்ச்சல், பசியின்மை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதுவரை தனித்தனியாக வைத்திருந்தவற்றை அவரிடம் சேர்த்துச் சொல்லும்போதுதான் எனக்கே திக்கென்றது. கடைசியாகக் கட்டியைக் காட்டினேன். இப்போது அது நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது.

அன்றைக்கே ஊரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். என் வயதுடைய பெண் டாக்டர். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் நிதானமாகத் தொட்டுப் பார்த்தார். வியர்வை துணி மாற்றுகிற அளவுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றுவிட்டு, கட்டி வலிக்கவே இல்லை என்பதை நல்ல செய்தி போலச் சொன்னேன்.

"வலிக்கலங்கிறதுதாம்மா என்னை யோசிக்க வைக்குது" என்றார் அவர்.

தொண்டைப் புண்ணோ சொத்தைப் பல்லோ இருந்து நெறிகட்டினால் பெரும்பாலும் வலிக்கும், சில வாரங்களில் வற்றிவிடும் என்று விளக்கினார். வலிக்காமல், வற்றாமல் வளர்ந்துகொண்டே போகிற கட்டியை, அதுவும் காறை எலும்புக்கு மேலே வந்ததை, சும்மா விடக்கூடாது. காசநோயாகவும் இருக்கலாம், நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் போகலாம். எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும் என்றார்.

மதுரையில் கட்டியை எடுத்துப் பார்த்தார்கள். நிணநீர்ப் புற்றுதான்; நெஞ்சுக்குள்ளும் சில கட்டிகள் ஸ்கேனில் தெரிந்தன. இந்த வகை மருந்துக்கு நன்றாகக் கேட்கும், குணமாகிறவர்கள்தான் அதிகம் என்று அங்கே சொன்னது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. திரும்பும் வழியில் பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியது. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "லீவை நீட்டிக் கேக்கப் போறேன். ஒரு தடவகூட நீ தனியா மதுரைக்குப் போக வேண்டாம்."

அப்போதுதான் அழுதேன். முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டார்.

மருந்து ஏறிய மாதங்கள் லேசாக இல்லை. முடி கொத்துக் கொத்தாக வந்தது. எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கியது போலிருந்தது. சமைத்தே பழகாத மனுஷன் ரசம் வைத்தார். உப்புக் கரித்தது. அதில் மட்டும்தான் எனக்கு ருசி தெரிந்தது என்று சொன்னதும், தன் கைப்பக்குவம் என்றே எடுத்துக்கொண்டார். மகாராஜபுரத்தில் அவருடைய அண்ணன் தோப்பிலிருந்து இளநீர் வந்துகொண்டே இருந்தது.

ஆனால் வியர்வை முதல் மருந்துக்குப் பிறகே நின்றுவிட்டது. விடியும்வரை காய்ந்த துணியோடு தூங்கி எழுவதில் இவ்வளவு சுகமா என்று ஆச்சரியப்பட்டேன். நடுவில் எடுத்த ஸ்கேனில் கட்டிகள் ஏறக்குறைய கரைந்திருந்தன. சிகிச்சை முடிந்து எடுத்ததில் எதுவுமே இல்லை. சில வருடங்களுக்கு விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். காட்டிவருகிறேன். அவர் பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டார். நான் மில்லுக்கு.

போன மாதம் சாப்பாட்டு நேரத்தில், நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாடைக்கு அடியில் ஒன்று வீங்கியிருக்கிறது, காட்டலாமா வேண்டாமா என்று கேட்டாள். தொட்டதும் வலியில் முகம் சுளித்தாள். பெரிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் எனக்குப் பட்டது. ஆனாலும் அதைச் சொல்ல நான் டாக்டர் இல்லையே. ஷிப்ட் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைவாய்ப் பல் சொத்தை. பல்லைப் பிடுங்கியதும் வீக்கம் வற்றிவிட்டது.

"ஒங்கள வீணா அலைய வச்சுட்டேன்க்கா" என்றாள்.

அதைவிட நல்ல அலைச்சல் எனக்கு இந்த வருடத்தில் வாய்க்கவில்லை என்றேன்.