ராசா வாளுக்கு ஆதாரம்

ஐம்பது வயதில் எனக்கு வரலாற்றுப் பைத்தியம் பிடித்தது. நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு வரலாற்று வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும், மூன்றே மாதம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று போனவள்தான், அப்புறம் ஒரு ஞாயிறு விடவில்லை.

பாடம் எடுத்தது என் மகள் வயதுப் பெண். முதல் நாளே பலகையில் பெரிதாக ‘ஆதாரம்’ என்று எழுதினாள். “யார் எதைச் சொன்னாலும் இதைக் கேளுங்க. ஒரு பொருள் கையில கிடைச்சா திருப்பிப் பாருங்க” என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. வீரபாண்டி பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக நான் காலமெல்லாம் செய்வது அதைத்தானே! டீ-சர்ட் கையில் வந்தால் உள்பக்கம் திருப்பி, லேபிளைப் பார்த்து, தையலை இழுத்துப் பார்க்காமல் விட மாட்டேன். ஒருமுறை கல்யாணப் பந்தியில் பக்கத்து ஆளின் காலரையே திருப்பிவிட்டேன். நல்லவேளை, அவரும் பனியன்காரர்தான். அவர் என் முந்தானைத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பில் சேர்ந்தபின் என் வீட்டுக்காரர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. “நான் பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துல பர்ஸ்ட்டு” என்பார். “ஆதாரம்?” என்பேன். மனிதர் சோற்றைப் பிசைந்தபடி என்னை முறைப்பார். எனக்கோ உள்ளுக்குள் அப்படி ஒரு குஷி.

இந்தக் குஷியின் நடுவில்தான் மகளின் கல்யாணப் பேச்சு வந்தது. அவளும் அவளோடு வேலை பார்க்கும் கொமரலிங்கத்துப் பையனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். இரண்டு வீட்டிலும் சம்மதம். பையனின் தாத்தா சரி என்று சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி, அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினோம்.

காரில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, தாத்தா ஒரு ராசா வாள் கதை சொல்லுவாருங்களாம். அதைக் கேட்டுச் சிரிச்சாங்கன்னு அவரோட அண்ணனுக்குப் பாத்த பொண்ணையே வேண்டாம்னுட்டாராம். உங்க கால்ல வேணா விழறேன், அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராதீங்க.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா கண்ணு?” என்றேன்.

காபி குடித்து முடிப்பதற்குள் தாத்தா ஆரம்பித்துவிட்டார். ஒரு ராசா வேட்டைக்கு வந்தாராம். தாகமாம். இந்த வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, இடுப்பிலிருந்த வாளை அவிழ்த்துக் கொடுத்தாராம். எந்த ராசா என்ற கேள்வி என் தொண்டை வரை வந்தது. ஒரு முறுக்கை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

தாத்தா சுவரிலிருந்து வாளை இறக்கி என் கையிலேயே கொடுத்தார். “நாளாக நாளாக மினுமினுப்பு கூடுது, பாரு கண்ணு!”

வாய்க்குத்தானே பூட்டுப் போட்டிருந்தேன், கைக்குப் போடவில்லையே! அது தன்பாட்டுக்கு வாளைத் திருப்பியது. கைப்பிடிக்கு அடியில் தாராபுரத்துக் கடைப் பெயர் ஒன்று பொறித்திருந்தது. அதற்குக் கீழே செல்போன் நம்பர்.

எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. எதிரே மகள், கண்ணில் தண்ணீர் முட்ட என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கினேன். “ராசா கைபட்டதுங்களே, மின்னாம இருக்குமுங்களா?” என்றேன். தாத்தா முகம் பூத்தது. வாளை வாங்கிக்கொண்டு, “தை மாசமே வெச்சுக்கலாம்” என்றார்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்கு ஓடினேன். பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா வந்து கதவைச் சாத்தினார்.

“பாத்துட்டீங்களா?”

“எதையுங்க?”

“அந்த நம்பரத்தானுங்க.” அவருக்கு வியர்த்திருந்தது. “பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப, பழைய இரும்போட அதையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டனுங்க. மாமா அப்பப் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தாரு. வர்றதுக்குள்ள தாராபுரம் ஓடி, கோயிலுக்கு நேந்துக்கிட்டு வாள் வாங்குவாங்கல்ல, அந்தக் கடையில வாங்கி மாட்டிட்டேன்.”

ராசா வாள் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கிறது! நான் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் பயம் விட்டுச் சிரித்தார். ஆனாலும் எனக்குள் இருந்த வரலாற்று மாணவிக்கு மனசு கேட்கவில்லை.

“அந்தப் பழைய வாள்ல ஏதாச்சும் எழுத்து இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சுங்க. கைப்பிடிக்கு அடியில. அதுவும் கடைப் பேருதானுங்க, வேற கடை. போன் நம்பர் மட்டும் இல்ல” என்றவர், சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தார். கண்கள் விரிந்தன. “அட சாமி… அப்ப எங்க மாமியாரும்?”

அதற்குமேல் எங்களால் நிற்க முடியவில்லை. இரண்டு சம்பந்தியும் தரையில் உட்கார்ந்து, ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு சிரித்தோம். குடித்து முடித்த காபி டம்ளர்களோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், ஒன்றும் புரியாமல் அவற்றை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது காரில் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா, அது நெசமாவே ராசா வாளுங்களா?”

“ஆமா கண்ணு.”

“ஆதாரம்?”

“அது பொறகு உன் மாமியார் காட்டுவாங்க” என்றேன். “தாராபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயி.”