முந்நூற்று அறுபத்தைந்து நாளும் என் பாடு

அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எங்கள் குப்பத்தில் யாராவது படித்துவிடுவார்கள், மறுநாள் காலை தெருவே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். வேலையில் இருக்கும் வழிகாட்டி நாயை அதன் ஆளைத் தவிர வேறு யாரும் கூப்பிடக் கூடாது. இந்த ஒரு விதியை எங்கள் ஊருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

இருபத்து நான்கு வயதில் எனக்குக் கண் போயிற்று. பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடிக் குடும்பம். வேலை பொன்னேரியில், ஓர் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்துப் பேசுவது. வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் பதினைந்து நிமிட நடை. எங்கள் தெருவின் கடைசி வீட்டைத் தாண்டி, டச்சுக்காரர் கல்லறைச் சுவரை ஒட்டிப் போய், கடைத்தெருவில் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தனியாக நடக்க எனக்கு ஒன்பது வருடம் ஆனது.

வெள்ளைக் கோல் வைத்துப் பார்த்தேன். மணலில் அது ஒன்றும் சொல்லாது. போதாக்குறைக்குத் தெருவெல்லாம் நங்கூரம், கயிறு, உலர்த்திய வலை. இரண்டு முறை விழுந்தேன். அதற்குப் பிறகு ஊர் என்னைக் கையில் எடுத்துக்கொண்டது.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாக விழும் இடங்களை ஒருவரே வளைத்துப் போட்டுக்கொள்ள முடியாது. இன்றைக்கு உன் குடும்பம், நாளைக்கு என் குடும்பம் என்று முறைவைத்து வலை போடுவார்கள். அந்த நாளும் அந்த இடமும் சேர்ந்ததுதான் பாடு. அடுத்தவர் பாட்டில் கைவைத்தால் ஊர் சும்மா விடாது. நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு எது கிடைத்தாலும் அதைப் பாடு போட்டுத்தான் பழக்கம். என்னையும் போட்டார்கள். திங்கட்கிழமை இந்த வீடு, செவ்வாய்க்கிழமை அந்த வீடு என்று வாரம் முழுக்க என்னைக் கைபிடித்து பஸ் ஏற்றிவிட ஆள் குறித்தார்கள்.

அன்பு இல்லை என்று யார் சொன்னது? அன்புதான். ஆனால் மீன் ஏலம் சூடுபிடித்த ஒரு காலையில், "இங்கியே நில்லு, தோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போன ஒரு அண்ணன் என்னை ஐஸ் கொட்டகைப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார். எந்தப் பக்கம் நகர்ந்தால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்புவது கேட்டது. நான் ஐஸ் பெட்டி மாதிரி நின்றேன். அன்றைக்குத்தான் வழிகாட்டி நாய் கேட்டு விண்ணப்பம் போடுவது என்று முடிவெடுத்தேன். வேறெதற்கும் இல்லை, கோபத்தில்.

விண்ணப்பித்து, காத்திருந்து, ஒரு மாதம் பயிற்சி நிலையத்தில் தங்கி அவளோடு நடந்து பழகினேன். அவளைக் குட்டியிலிருந்து வளர்த்தவர்கள் சென்னையில் ஒரு தம்பதி. சந்தைக்கும் ரயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் கூட்டிப்போய் எதற்கும் மிரளாமல் ஆக்கியவர்கள். ஒப்படைக்கும் நாளில் அந்த அம்மா என்னிடம், "வலது காதுக்குப் பின்னாடி சொறிஞ்சா அவளுக்குப் பிடிக்கும்" என்றார். பழைய போர்வை ஒன்றை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஊருக்கு வந்த முதல் காலை எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. அவள் முதுகு வார்ப்பட்டையின் கைப்பிடியை இடது கையில் பிடித்து, "ஃபார்வர்ட்" என்றேன். போனாளே ஒரு போக்கு! ஒன்பது வருடமாக அடிமேல் அடி வைத்து நடந்தவள் நான். காற்று முகத்தில் அடிக்கிற வேகத்தில் நடந்தேன். நங்கூரத்தைச் சுற்றினாள், படகைச் சுற்றினாள், கல்லறைச் சுவரோரம் அம்பு மாதிரி போனாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் நாயை ஏற்றமாட்டேன் என்றார். அனுமதிக் கடிதத்தை நான் எடுப்பதற்குள், மீன் கூடையோடு ஏறிய பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "கோழி ஏறுது, கூடை ஏறுது, நேத்து ஒருத்தன் ஆட்ட ஏத்திகினு வந்தான், இது ஏறக் கூடாதா?" மூன்றாம் நாள் அதே கண்டக்டர் எனக்கு முன்சீட்டுப் பிடித்து வைத்திருந்தார்.

தெருக் கடைசி வீட்டு அக்காவுக்கு மட்டும் எல்லாமே சந்தேகம். என் கையை அதிகம் பிடித்தவர் அவர்தான். குரலென்றால் அப்படி ஒரு குரல், ஏரியின் அக்கரையில் இருக்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். "இன்னாடி இது, இங்கிலீஷ்ல சொன்னாதான் கேக்குமா? கல்லறைல படுத்துனுகிற வெள்ளைக்காரன் வளத்த நாயா?" அவளுக்கு நான் போடும் பாக்கெட் தீனியை ஒருநாள் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "கோழித் தீவனத்தப் போட்டு ஒரு ஜீவனக் கொல்றியே, பாவி" என்றார். நான் பொறுமையாகச் சொன்னேன். அவளுக்கு நான் மட்டும்தான் சாப்பாடு போட வேண்டும், அதுவும் வீட்டில், அவள் கிண்ணத்தில். வேறு கையில் சாப்பிடப் பழகினால் வழியில் கவனம் சிதறும். அக்கா "சரிடி, சரிடி" என்றார். அவர் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டு மாதம் போனது. அவள் வழியில் நிற்க ஆரம்பித்தாள். திங்கட்கிழமை இரண்டாவது வீட்டு வாசலில், செவ்வாய்க்கிழமை நான்காவது வீட்டு வாசலில், வியாழக்கிழமை கடைசி வீட்டில். நான் எவ்வளவு அதட்டினாலும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகர்வாள். வார்ப்பட்டையின் கொக்கியை இரண்டு துளை தள்ளிப் போட வேண்டியதாயிற்று. அவ்வளவு பெருத்திருந்தாள். பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். அவர் நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"மூணாம் மாசம் எப்படியும் நான் வந்து பார்க்கணும். அடுத்த வியாழன் வரேன். சாப்பாட்டுக்கு நிக்கிற நாயை வேலைக்கு விட முடியாதும்மா. உங்களுக்குத்தான் ஆபத்து. அப்படியே இருந்தா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

போனை வைத்தேன். மறுபடியும் ஐஸ் கொட்டகைப் பக்கத்தில் நிற்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

அவள் ஏன் நிற்கிறாள் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை வெளிச்சமாயிற்று. வீட்டு வாசலில் அவளுக்கு முடி சீவிக்கொண்டிருந்தேன். தெருவில் சண்டை. கடைசி வீட்டு அக்காவின் குரல் கூரையைப் பிய்த்தது.

"வியாழக்கெழம யாரு பாடு? எங்க பாடு! நீ எப்படி மடவை மீன் தலை குடுப்ப?"

"நீ மட்டும் போன வாரம் எங்க பாட்டுல இறால் உரிச்சுப் போட்லியா?"

சீப்பு கையிலிருந்து விழுந்தது. என்னைக் கைபிடிக்கும் வேலை போனதும் இவர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய முறையை அப்படியே நாய்க்கு மாற்றிக்கொண்டு, வீட்டுக்கு ஒரு நாள் என்று பாடு போட்டு ஊட்டியிருக்கிறார்கள்! நான் நின்று ஒரு வார்த்தை பேசும் அந்த நேரத்தில், சத்தமே இல்லாமல், என் முழங்காலுக்குப் பக்கத்தில். என் கெட்டிக்காரியோ எந்தக் கிழமை எந்த வீடு என்று மனப்பாடம் செய்துவைத்திருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊரையே ஏரியில் தள்ளியிருப்பேன்.

"நைனா, ஊர்க் கூட்டத்துக்கு நான் வரேன்" என்றேன் அப்பாவிடம்.

"பொம்பளைங்க பேச மாட்டாங்களேம்மா."

"அப்போ நாயப் பேசச் சொல்லட்டுமா?"

அப்பா சிரித்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் கோயில் மணலில் கூட்டம். அவளோடு நடந்துபோய் நடுவில் நின்றேன். முணுமுணுப்பு எழுந்தது. ஊர்த் தலைவர், "இன்னாம்மா?" என்றார்.

"ஒருத்தர் பாட்டுல இன்னொருத்தர் வலை போட்டா இன்னா செய்வீங்க?"

"அவருக்கு அடுத்த பாடு கெடையாது. இது தெரியாதா ஒனக்கு?"

"அப்போ கேட்டுக்குங்க. இந்த நாய் என் பாடு. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. வருஷம் பூரா என் பாடு. நீங்க எல்லாரும் என் பாட்டுல வலை போட்டுனுகிறீங்க."

யாரோ ஒருவர் சிரிக்க, கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை ஆள் வருவதையும், அவளைக் கூட்டிப்போய்விடுவார் என்பதையும் சொன்னேன். சிரிப்பு அடங்கியது. பாட்டில் பங்கு இல்லாத பெண் பாடு கேட்பதா என்று ஒருவர் இழுத்தார். தலைவர் அவரைப் பேச விடவில்லை.

"முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் அந்தப் பொண்ணு பாடு. எவன் வீட்லர்ந்து ஒரு மீன் முள்ளு போனாலும் அந்த வீட்டுக்கு ஏரில அடுத்த பாடு இல்ல. முடிஞ்சுது."

இன்னும் முடியவில்லை என்றேன். அவளைக் கூப்பிடக் கூடாது, விசில் அடிக்கக் கூடாது, எனக்கு வழி சொல்லிக் கத்தவும் கூடாது. ஆளாளுக்குக் கத்தினால் அவள் குழம்புவாள்.

கூட்டத்துக்குப் பின்னால் பெண்கள் நின்றிருந்த பக்கத்திலிருந்து கடைசி வீட்டு அக்கா கேட்டார். "குழில வுழப் போனா கூடவா கத்தக் கூடாது?"

"கத்தக் கூடாதுக்கா."



வியாழக்கிழமை காலை பயிற்சியாளர் வந்தார். பத்தடி பின்னால் வருவேன், ஒன்றும் பேசமாட்டேன் என்றார். தெருவில் இறங்கினேன். அப்படி ஒரு அமைதியை எங்கள் தெருவில் நான் கேட்டதே இல்லை. பாட்டுப் பெட்டி இல்லை, சண்டை இல்லை. ஆனால் எல்லா வாசலிலும் ஆட்கள் நிற்பது எனக்குத் தெரிந்தது. மூச்சு கேட்டது, வளையல் கேட்டது. ஒரு தும்மலை யாரோ பாதியில் அமுக்கினார்கள்.

இரண்டாவது வீடு. நிற்கவில்லை. நான்காவது வீடு. கைப்பிடி லேசாக அந்தப் பக்கம் இழுத்தது, "ஃபார்வர்ட்" என்றேன், நேரானாள். வேகம் பிடித்தோம். இன்னும் ஒரே ஒரு வீடு.

அங்கே நின்றாள். சடாரென்று, சுவரில் முட்டியது போல.

வியாழக்கிழமை கடைசி வீட்டுப் பாடு. உள்ளேயிருந்து மீன் வறுவல் வாசனை வந்தது. எனக்குக் கண்ணீர் முட்டியது. "ஃபார்வர்ட்" என்றேன். அசையவில்லை. குரலை உயர்த்தி மறுபடி சொன்னேன். அவள் என் காலுக்குக் குறுக்கே வந்து, முழு எடையையும் என் முழங்காலில் சாய்த்து நின்றாள். "உன்னால என் பொழப்பே போச்சுடி" என்று அவளை அதட்டினேன். நிஜமாகவே அப்படிச் சொன்னேன், அது இன்றைக்கும் எனக்கு வெட்கம். தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பயிற்சி நிலையத்தில் ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாய் மறுத்தால் முதலில் கையை நீட்டிப் பார். வேறு வழியில்லாமல் நீட்டினேன்.

கழுத்து உயரத்தில் ஒரு நைலான் கயிறு. விறைப்பாக, வீட்டுத் தூணிலிருந்து எதிரே பூவரச மரம் வரை. அக்காவின் கணவர் விடிகாலையில் வலை உலர்த்தக் கட்டியது, வலையை எடுத்தவர் கயிற்றை மறந்திருக்கிறார். அவள் குனியாமலேயே அதன் அடியில் போயிருக்கலாம். நான் வந்த வேகத்துக்கு என் தொண்டை அதில் மோதியிருக்கும்.

"அவ்வளவுதாம்மா" என்றார் பயிற்சியாளர், என் தோளுக்குப் பின்னால், மிக அருகில். உங்கள் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டேன், அதற்குள் அவள் நின்றுவிட்டாள் என்றார். "இவ இங்கதான் இருப்பா. வளர்த்தவங்களுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க."

அப்போதுதான் பக்கத்தில் ஒரு விசும்பல் கேட்டது. கடைசி வீட்டு அக்கா. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"பாத்துகினேதான்டி இருந்தேன். கவுறு கண்ணுக்குத் தெரியுது, அவுக்க நேரமில்ல, நீ வர்ற. கத்திட்டா நாயத் தூக்கினு பூடுவாங்கன்னு..." அதற்குமேல் முடியாமல் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். தெரு முழுக்க ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. விசில் வேறு. விதியெல்லாம் காற்றில் போயிற்று. நான் மண்ணில் உட்கார்ந்து அவள் வலது காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருந்தேன். எட்டு மணி பஸ் போயே போய்விட்டது.

மறுநாள் காலை தனியாகக் கிளம்பினோம். கடைசி வீட்டில் மடவை வறுக்கிற வாசனை. அவள் மூக்கைக்கூடத் திருப்பவில்லை, ஒரே வேகத்தில் கடந்தாள். பத்தடி போனதும் நான்தான் "ஸ்டாப்" என்றேன். திரும்பி அந்த வாசலுக்கு வந்தேன்.

"அக்கா, எனக்கு ஒரு துண்டு குடு" என்றேன்.

"ஒனக்குத்தானே?" என்று கேட்டு, சுடச்சுட என் வலது கையில் வைத்தார்.